சிரட்டை மாளிகை

சமுத்திரத்தின் அடியைக் காணப் போகிறவர்கள் பவழப் பாறைகளையும் பொன்னிற மீன்களையும் எண்ணிக்கொண்டு போவார்கள். நாமோ சேற்றைக் காணப் போனோம். புதுச்சேரிக் கடலில் மூழ்கப் பழகிய நாள் முதல் இந்த ஆசை நம்மைப் பிடித்துக்கொண்டது. சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தையெல்லாம் சேற்றில் கொட்டுவதாக வீட்டில் சொன்னார்கள். அது அணியலங்காரம் அன்று, உள்ளபடியே உண்மை.

இந்தோனேஷியாவில், சுலவேசித் தீவின் வடகோடியில், பிதுங் துறைமுகத்துக்கும் லெம்பே என்னும் சிறு தீவுக்கும் நடுவே ஒரு ஜலசந்தி இருக்கிறது. எரிமலை தந்த கரிய மணலே அங்கே கடலின் தரை. அதன்மேல் பழைய டயர்கள், புட்டிகள், மக்கிய மட்டைகள். இத்தகைய தரையில் அபூர்வச் சிற்றுயிர்களைத் தேடி மூழ்குவதை 'மக் டைவிங்' என்கிறார்கள். பப்புவா நியூகினியில் முக்குளிப்புப் படகு நடத்திய பாப் ஹால்ஸ்டெட் என்பவர் வழக்குக்குக் கொண்டுவந்த பெயர் அது.

பவழப் பாறையில் ஒளிந்துகொள்ள ஆயிரம் பொந்துகள் உண்டு. வெறும் மணலில் என்ன உண்டு? ஆகையால் அங்கு வாழும் பிராணிகள் வேஷம் போடுகின்றன. 1998-ஆம் ஆண்டில் சுலவேசிக் கடலில் கண்டறியப்பட்ட ஒரு பேய்க்கணவாய், தட்டை மீனாகவும் கடற்பாம்பாகவும் நடிக்க வல்லது. 2005-இல்தான் அதற்குச் சாஸ்திரப் பெயர் கிடைத்தது.

முதல் நாள் இருபது நிமிஷம் நம் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. எம் வழிகாட்டி, செம்படவர் ஒருவரின் மகன், மெல்லிய எஃகுக் கோலால் ஒரு மஞ்சள் கடற்பஞ்சைச் சுட்டினார். பஞ்சைக் காட்டுவானேன் என்று நினைத்தோம். பஞ்சு கொட்டாவி விட்டது! நெற்றியில் தூண்டிலைத் தாங்கி அசையாமல் உட்கார்ந்திருக்கும் மீன் அது. ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால், ஆறே கூறில் இரையை விழுங்கிவிடுமாம். பட்டம் பெற்ற நம் கண்களுக்குப் புலப்படாதது அவருக்கு எளிதில் புலப்பட்டது. இப்பிராணிகளுக்குப் பெயர் சூட்டியவர்களை நூல்களில் காண்கிறோம். சுட்டிக் காட்டிய விரல்களைப் பெரும்பாலும் காண்பதில்லை.

மூன்றாம் நாள் தரையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை கிடந்தது. அதன்மேல் இன்னொரு சிரட்டை மூடியிருந்தது. இடுக்கில் ஒரு கண். சிரட்டைகளை உடலுக்கடியில் இடுக்கி, கைகளைக் கொம்புகளாக ஊன்றி நடந்து, வேண்டிய இடத்தில் வீடு கட்டிக்கொள்ளும் பேய்க்கணவாய்! இது கருவியைக் கையாளுவதேயாகும் என்று 2009-இல் ஆராய்ச்சியாளர் எழுதினர். நம் ஊரில் அடுப்பில் போடும் பொருளை அது மாளிகையாக்கியிருந்தது.

ஆனால் படத்தில் கண் மட்டும் விழுந்தால் போதுமா? முழு உருவமும் வேண்டுமென்று வழிகாட்டிக்குச் சைகை காட்டினோம். அவர் சற்றுத் தயங்கினார். மறுபடியும் காட்டினோம். கோலால் மேற்சிரட்டையை மெல்லத் தட்டினார். ஒரு புகைபோல மை எழும்பிற்று. அது கலைந்தபோது இரண்டு சிரட்டைகளும் காலியாகக் கிடந்தன. அவற்றைத்தான் படம் பிடித்தோம்.

படகில் ஏறியதும், "அப்படித் தட்டலாமா?" என்று கேட்டுவிட்டோம். வெட்கக்கேடு! அவர் கோபிக்கவில்லை. "தாங்கள்தாமே கேட்டீர்கள், பாக் குரு" என்றார். அந்நாட்டிலும் ஆசிரியரைக் 'குரு' என்றே அழைக்கிறார்கள். அன்றைக்கு அந்தச் சொல் காதுக்கு இனிக்கவில்லை. காமிரா வெளிச்சத்தைவிடக் கோலால் சீண்டுவதே இத்தகைய மீன்களை அதிகம் வருத்துகிறது என்று 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுவதைப் பின்னர்ப் படித்தோம். பேய்க்கணவாயை அதில் சோதிக்கவில்லை. அதனால் நமக்கு ஆறுதல் உண்டாகவில்லை.

புறப்படுமுன் அவர் தனியே மறுபடி மூழ்கி, அது ஓடிய திக்கில் சிரட்டைகளை வைத்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் அங்கே போனோம். சிரட்டைகளைக் காணோம். அதுவே எடுத்துச் சென்றதா, நீரோட்டம் உருட்டிச் சென்றதா என்று அவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.