முப்பத்திரண்டரைக் கிலோ

2018 ஆடி மாதம். திருப்பூரிலிருந்து வந்த அந்தப் பனியன் ஏற்றுமதியாளர் கையில் வழக்குக் கட்டு எதுவும் இல்லை, ஆடிட்டர் எழுதிய ஒற்றைத் தாள்தான் இருந்தது. சாயப்பட்டறைகளில் உங்கள் துணி பதினோரு டன் நிற்பதாகக் கம்ப்யூட்டர் காட்டுகிறது, அது எங்கே என்று ஆடிட்டர் கேட்டிருந்தார்.

"பதினோரு டன் துணி நிசமாவே இருந்தா நான் எதுக்குங்க வக்கீலத் தேடி வர்றேன்?" என்றார்.

முந்தைய ஆண்டு ஏப்ரல் 1 அன்று, புதுக்கணக்கோடு சேர்த்து ஈஆர்பி மென்பொருள் போட்டிருந்தார். முப்பத்தெட்டு லட்சம். நூல் வாங்குவதிலிருந்து கப்பலேற்றுவது வரை எல்லாம் ஒரே திரையில். மூன்று கம்பெனிகள் வந்து காட்டியதில் இவர்களுடைய திரைதான் பார்க்க அழகாக இருந்ததாம். எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நான் கேட்டதற்குக் கிடைத்த முழுப் பதில் அதுதான்.

திருப்பூர்த் தொழில் ஒரு கூரைக்குள் நடப்பதில்லை. நூல் ஒருவருடையது, நிட்டிங் இன்னொருவர், சாயம் வேறிடம், காம்பாக்டிங் வேறிடம். ஒவ்வொரு படியிலும் துணி சலான் போட்டு வெளியே போகும், வரும்போது எடை குறைந்து வரும். பருத்தியின் மெழுகும் அழுக்கும் கொதிதொட்டியில் கரைந்துவிடும். பயோ வாஷ் கொடுத்தால் இன்னும் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது துணிக்குத் துணி, கலருக்குக் கலர் மாறும். இந்த மென்பொருளோ போனதில் வந்ததைக் கழித்து, மிச்சத்தைச் சாயப்பட்டறைக்காரர் பெயரில் இருப்பாக எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. அந்தச் சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரி விழும். ஓராண்டு முடிந்துவிட்டது. ஆடிட்டரின் தாளுக்கு அதுதான் காரணம்.

மென்பொருள் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தது. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் நடுவராக அமர, கோவையில் விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே, 'சோதித்துப் பார்த்தோம், திருப்தி' என்று என் கட்சிக்காரரின் மெர்ச்சண்டைசர் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்து வைத்தார். ஏன் போட்டாய் என்று அந்தப் பையனைக் கேட்டேன். "ராத்திரி ரயிலுக்கு நேரமாச்சுன்னாங்க சார்."

கம்ப்யூட்டர் பிரிண்ட் அவுட்களுக்குச் சாட்சியச் சட்டத்தின் 65பி சான்று இல்லை என்றும் ஆட்சேபித்தார்கள். நடுவர் தமது மேசையிலிருந்த ஆர்பிட்ரேஷன் சட்டப் புத்தகத்தில் 19ஆம் பிரிவைத் திருப்பி, சாட்சியச் சட்டம் தம்மைக் கட்டாது என்று சொல்லி மேலே போகச் சொன்னார்.

அவர்களுடைய கன்சல்டன்டைக் குறுக்கு விசாரணை செய்தபோது ஒரே ஒரு சலானை நீட்டினேன். 412 கிலோ போயிருக்கிறது, 379.5 வந்திருக்கிறது. மிச்சம்? முப்பத்திரண்டரை என்றார். எங்கே இருக்கிறது? சாயப்பட்டறையில். அங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும். உற்சாகத்தில் இன்னொன்று கேட்டேன்: "அது தண்ணீரோடு போய்விட்டது என்று உங்கள் மென்பொருளுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். பிராசஸ் லாஸுக்குத் தனிக் கட்டம் இருக்கு. அதுல பூஜ்யம் போட்டது உங்க ஆளுங்க."

அன்று மாலையே திருப்பூர் போனேன். துணி ஸ்டோரைப் பார்ப்பவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். கட்டத்தில் பூஜ்யம் போட்டது தாம்தான் என்று கொஞ்சமும் தயங்காமல் ஒப்புக்கொண்டார். "எட்டுன்னு எழுதி வெச்சா ஒவ்வொரு பட்டறைக்காரனும் எட்டையும் எடுத்துக்குவானுங்க சார். ஆறு இறங்குற எடத்துலயும் எட்டுதான் வரும். அந்தக் கட்டத்துல ஒரே ஒரு நம்பர்தான் போட முடியுது. வெள்ளைக்கு ஒண்ணு, நேவிக்கு ஒண்ணுன்னு நான் எங்க போடறது?" அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இதை மென்பொருள்காரர்களிடம் அவர் சொல்லவேயில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார்.

கேட்டார்களா இல்லையா என்பதைத் தேடினேன். அவர்களுடைய விலைப்பட்டியலோடு வந்த திட்டத்தில், பத்து நாள் ஆலையில் தங்கி வேலைமுறையைப் பார்த்தபின்தான் மென்பொருளை அமைப்போம் என்று எழுதியிருந்தார்கள். வாட்ச்மேனின் கேட் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கினேன். டீக்கறை படிந்த நீளப் புத்தகம், பாதிப் பக்கம் பென்சில். மென்பொருளை அமைத்த மூன்று மாதத்தில் அவர்கள் பெயர் இரண்டே நாள்தான் இருந்தது. 'யாரைப் பார்க்க' என்ற இடத்தில் இரண்டு நாளும் 'ஆபீஸ்'. ஆபீஸிலிருந்து துணி ஸ்டோர் நாற்பது அடி தூரம்.

அந்தப் புத்தகத்துக்கு யாரும் 65பி கேட்கவில்லை. மறு அமர்வில் எதிர்த்தரப்பு வக்கீலே சமரசம் பேசலாமா என்றார். பதினான்கு லட்சம் திருப்பித் தந்தார்கள், பழைய சலான்களைச் சரிக்கட்ட ஒரு ஆளையும் மூன்று மாதம் அனுப்பினார்கள். நடுவர் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி அதையே தீர்ப்பாக எழுதிக் கொடுத்தார். கட்சிக்காரருக்கு முழுத் தொகையும் கிடைக்கவில்லையே என்று மனத்தாங்கல். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழகைப் பார்த்து வாங்கியவர் அவர், கையெழுத்துப் போட்டவரும் அவருடைய ஆள்.

இரண்டு வருஷம் கழித்து, புது மென்பொருள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லி வந்தார். இந்த முறை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்றேன். அந்த 412 கிலோ சலானை லாமினேட் செய்து வைத்திருந்தாராம். வந்த ஒவ்வொரு கம்பெனியிடமும் அதை நீட்டி, ஸ்டோர்காரர் எதிரிலேயே உங்கள் திரையில் ஏற்றிக் காட்டுங்கள் என்றிருக்கிறார். முதல் இரண்டு பேர் மளமளவென்று ஏற்றிவிட்டார்கள். மூன்றாவதாக வந்த பொண்ணு சலானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்டோர்காரர் பக்கம் திரும்பியதாம்.

"அண்ணா, இது என்ன கலருங்க?"

ஒப்பந்தம் அவர்களோடுதான்.