பயிர்ப் பாதுகாப்புக்காக

பழைய பொருள்களை இணையத்தில் விற்கிறவர்கள் நிரப்பும் படிவத்தில் 'விவரம்' என்று ஒரு கட்டம் இருக்கும். தேக்குத் தூண், பித்தளை அண்டா, ஊஞ்சல் பலகை, தஞ்சாவூர் ஓவியம் என்று டெல்டா வீடுகளிலிருந்து வெளியேறுகிற எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டத்தில் அநேகமாக ஒரே வாசகம்தான் எழுதப்படுகிறது: 'பாரம்பரியக் குடும்பத்துப் பொருள்.' யாருடைய உழைப்பில் வந்த பாரம்பரியம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அண்டாவுக்கு அந்த வாசகம் போதுமாக இருக்கலாம். துப்பாக்கிக்குப் போதாது.

அப்பா இறந்த பிறகு எங்களுக்கு வந்து சேர்ந்தவற்றில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று பன்னிரண்டு போர் ரெட்டைக் குழல். தாத்தா வாங்கி, பிறகு அப்பா பெயருக்கு உரிமம் மாறியது. இன்னொன்று அதற்கும் முந்தியது. குழலின் வாய்வழியே மருந்தும் ரவையும் கெட்டித்துச் சுடுவது. தம்பி இரண்டையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, "அக்கா, நூறு வருஷத்துப் பொருள். ஜமீன் துப்பாக்கின்னு போட்டா நல்ல வெலைக்குப் போகும். நீதான் நல்லா எழுதுவியே, ரெண்டு வரி எழுதிக் குடு" என்றான்.

முதல் சிக்கல் அந்த 'ஜமீன்' என்ற சொல்லிலேயே இருந்தது. தஞ்சைச் சீமையின் பெரும்பகுதி ரயத்துவாரி நிலம். எங்களைப் போன்ற குடும்பங்கள் மிராசுகள்; ஜமீன் அல்ல. பழைய பொருள் சந்தையில் ஜமீன் என்ற சொல்லுக்கு விலை உண்டு, மிராசு என்ற சொல்லுக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம். பொய்யான விவரம் இப்படித்தான் ஒரு சிறிய சொல்லில் தொடங்குகிறது.

இரண்டாவது சிக்கல் சட்டம். உங்களில் சிலருடைய வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கக்கூடும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழையது என்பதாலேயே ஒரு துப்பாக்கி வெறும் கலைப்பொருள் ஆகிவிடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொல்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும்கூடச் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். துருவைத் தேய்த்து ஒரு பாகத்தை மாற்றினால் சுடும் என்றால், அதன் வயது எத்தனை ஆனாலும் அது உரிமம் தேவைப்படும் துப்பாக்கிதான். சுடுமா சுடாதா என்பதை நாமே சோதிக்கவும் கூடாது. மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளில் எப்போதோ அடைத்த மருந்து சுடப்படாமல் உள்ளேயே கிடப்பது உலகெங்கும் நடந்திருக்கிறது. விசையை இழுத்துப் பார்ப்பது, குழலுக்குள் எட்டிப் பார்ப்பது, கொல்லரிடம் கொண்டுபோய் அடைக்கச் சொல்வது எல்லாமே ஆபத்து.

உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், துப்பாக்கியைத் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைத்தவருக்கு, குறிப்பிட்ட காலத்துக்குள், உரிமமுள்ள ஒருவருக்கு அதை விற்றுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உண்டு. உரிமம் உள்ள தனிநபர் தன் துப்பாக்கியை விற்க நினைத்தால், வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் பொறுக்க வேண்டும். நூறாண்டு தாண்டிய பொருளை வெளிநாட்டுக்காரர் எத்தனை டாலர் தருவதாகச் சொன்னாலும் தனிநபர் அனுப்ப முடியாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆகவே நாற்காலியை விற்பதுபோலச் செயலியில் படம் போட்டு, பேரம் பேசி, கூரியரில் அனுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வணிகர் தன் இணையப் பக்கத்தில் படமும் விவரமும் போடலாம். கைமாறுவது உரிமத்தையும் பதிவேட்டையும் சரிபார்த்த பிறகுதான்.

இதற்கெல்லாம் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதில் அம்மா பெயரும் என் பெயரும் தம்பி பெயரும் இருந்தன. மற்ற வாரிசுகள் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதித் தர வேண்டும். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று 1989இல் தமிழ்நாடும் 2005இல் நாடாளுமன்றமும் சட்டம் செய்த பிறகும், நம் வீடுகளில் பெண்களிடம் கேட்கப்படுவது இந்த 'ஆட்சேபணை இல்லை' ஒன்றுதான். நான் ஒரு நிபந்தனை வைத்தேன். கையெழுத்துப் போடுகிறேன், விவரம் என்ற கட்டத்தை நான்தான் எழுதுவேன்.

தஞ்சாவூரில் ஒரு பெண் வாரிசு இப்படி நின்ற கதை ஒன்று உண்டு. 1855இல் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி நாட்டோடு அரண்மனையின் சொத்துகளையும் கைப்பற்றியது. மூத்த ராணி காமாட்சி பாய், தனிச் சொத்தையாவது திருப்பித் தா என்று சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வென்றார். 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கம்பெனி செய்தது அரசுச் செயல், அதை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. தனிச் சொத்து பிறகு 1862இல் அரசின் சலுகையாகவே ராணிகளுக்குத் திரும்பியது. தஞ்சை அரண்மனை ஆயுதங்களில் ஒரு பகுதி இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டன் ஏலப் பட்டியல்களிலும் தஞ்சாவூர் ஆயுதக் கிடங்கைச் சேர்ந்தவை என்ற குறிப்போடு குத்துவாள்கள் வருகின்றன. அந்தக் குறிப்பு விலையை ஏற்றுகிறது. கைப்பற்றலை எதிர்த்து ஒரு பெண் வழக்காடினாள் என்பதற்கு அந்தப் பட்டியலில் கட்டம் கிடையாது.

எங்கள் வீட்டுத் துப்பாக்கிக்கு வருகிறேன். உரிமப் புத்தகத்தில் நோக்கம் என்ற இடத்தில் 'பாதுகாப்பு, பயிர்ப் பாதுகாப்பு' என்று இருந்தது. சட்டத்தின் வாசகமே அதுதான். குறிப்பாக, மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உண்மையான பயிர்ப் பாதுகாப்பைத்தான் சட்டம் காரணமாகச் சொல்கிறது. இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றேன். காவிரிப் படுகையில் நெல்லுக்கு எதிரி யார்? எலி. அதற்கு மூங்கிலில் செய்த கிட்டி இருக்கிறது. தஞ்சாவூர்க் கிட்டி என்றே அதற்குப் பெயர். புகையான், இலைச்சுருட்டுப் புழு, ஐப்பசி கார்த்திகை வெள்ளம், மேட்டூர் திறக்காத ஆண்டு. இவற்றில் எதையும் துப்பாக்கியால் சுட முடியாது. தாத்தா சுட்டதெல்லாம் கொக்கும் மடையானும். பிறகு எதிலிருந்து பயிரைக் காத்தது அது?

எங்கள் வயலில் நடவு நட்டு, கதிர் அறுத்து, இன்று பேத்தி வீட்டில் இருக்கிற ஒரு மூதாட்டியிடம் கேட்டேன். அவருக்கு நினைவுக்கு வந்தது களத்துமேடு. கண்டுமுதல் ஆகிற அன்று மரக்காலால் நெல் அளக்கும்போது, தாத்தா உட்கார்ந்திருக்கும் கயிற்றுக் கட்டிலில் துப்பாக்கி சாய்ந்திருக்குமாம்.

"வீட்டுக்குப் போறப்ப மடிய அவுத்து ஒதறிக் காட்டணும் பாப்பா. ரெண்டு கை நெல்லு இருந்துருமோன்னு. அது அங்கனதான் இருக்கும். யாரும் எடுத்து நீட்டுனதில்ல. நீட்டணும்னு அவசியமும் இல்ல."

பயிர் காக்கப்பட்டது அந்த மடியிலிருந்து.

வீட்டுக்குள்ளும் அதற்கு வேலை இருந்தது. சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களின் பக்கத்தில் அதையும் வைத்து அப்பாயி சந்தனம் குங்குமம் வைப்பார். வேறு நாளில் பெண்கள் அதைத் தொடக் கூடாது. அத்தை பள்ளிக்கூடம் போய்வரும் வழியில் யாரோடோ பேசியதாகச் சொல்லப்பட்ட நாளில் தாத்தா துப்பாக்கியைக் கையில்கூட எடுக்கவில்லையாம். ஆணியில் தொங்கியதை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாராம். அத்தையின் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. சுடாமலே வேலை செய்கிற கருவி அது. களத்தில் கூலிக்காரப் பெண்ணின் மடி, வீட்டில் சாதிக்காரப் பெண்ணின் மனசு. இரண்டையும் ஒரே குழல் காவல் காத்தது. இரண்டும் சமம் என்று நான் சொல்லவில்லை. அத்தைக்குச் சாப்பாடு இருந்தது.

சுட்டும் இருக்கிறார்கள். பண்ணையாட்களைச் சாணிப்பாலாலும் சவுக்காலும் ஆண்ட மண்ணில், 1940களில் பி. சீனிவாசராவும் மணலூர் மணியம்மாளும் அமைத்த செங்கொடிச் சங்கங்கள் தலைநிமிரக் கற்றுத் தந்தன. கூலி உயர்வு கேட்கும் குரல் வலுத்தபோது, மறுபக்கம் மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று திரண்டார்கள். அந்தப் பெயரைக் கவனியுங்கள். நெல்லை உற்பத்தி செய்தவர்கள் அதில் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக்குத் துப்பாக்கிகளோடு வந்தவர்கள் சுட்டார்கள். ஓடி ஒளிய ராமையாவின் குடிசைக்குள் நுழைந்த 44 பேர் தீயில் வெந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு முதலானோரைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இவ்வளவு வசதியுள்ள நிலக்கிழார்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப அந்த நீதிமன்றத்துக்குக் கடினமாக இருந்தது. அதாவது, 'பாரம்பரியக் குடும்பம்' என்ற விவரம் அங்கே சாட்சியாக வேலை செய்தது. நிகழ்ந்ததைப் பதிவு செய்தவர்களில் முக்கியமானவர் மைதிலி சிவராமன் என்ற பெண் என்பதையும் மாணவிகளிடம் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

எங்கள் துப்பாக்கி வெண்மணிக்குப் போகவில்லை. எங்கள் ஊர் அங்கிருந்து தொலைவு. ஆனால் போயிருந்தால் அது வேறு வகைத் துப்பாக்கியாக இருந்திருக்காது. அதே போர், அதே தோட்டா, உரிமத்தில் அதே நோக்கம்.

நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் வந்தபோது டெல்டா வீடுகளின் பெண்கள் பலர் திடீரென்று நில உடைமையாளர்கள் ஆனார்கள், காகிதத்தில். அப்பாயி பெயரிலும் நிலம் எழுதப்பட்டது. அந்த வயல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. துப்பாக்கி மட்டும் எந்தப் பெண் பெயரிலும் எழுதப்படவில்லை. நம்பி எழுதக்கூடிய பொய்யும் உண்டு, கூடாத பொய்யும் உண்டு போலும். அதே மண்ணில், வெண்மணிக்குப் பிறகு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், 1981இல் கணவரோடு சேர்ந்து லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கி, மிராசுகளிடமிருந்து நிலத்தை வாங்கி நிலமற்ற தலித் குடும்பங்களின் பெண்கள் பெயரில் பதிவு செய்தார். அந்தப் பெண்களுக்குத் தங்கள் வயல் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஏற்கெனவே அவர்கள் நட்ட வயல்தான் அது.

இவ்வளவையும் ஒரு கட்டத்துக்குள் எழுத முடியாது. நான் எழுதிக் கொடுத்தது இது:

'ரெட்டைக் குழல், பன்னிரண்டு போர். சுடும் நிலையில் உள்ளது. உரிமம் உள்ளவர்க்கு மட்டும். கட்டையில் ஒரு விரிசல், பசை போட்டு ஒட்டப்பட்டது. தஞ்சை மாவட்ட மிராசுக் குடும்பத்துடையது, ஜமீன் அல்ல. உரிமத்தில் கண்ட நோக்கம் பயிர்ப் பாதுகாப்பு. அறுவடைக் களத்தில் கூலியாட்களின் பார்வையில் படும்படி வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் பெண்கள் தொட அனுமதி இல்லை.'

தம்பி படித்துவிட்டு, "யாருக்கா இத வாங்குவான்?" என்றான். வணிகர் கடைசி இரண்டு வாக்கியங்களை எடுத்துவிடலாமா என்று கேட்டார். விரிசலைச் சொல்கிற நேர்மை இதற்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, அப்படியே போட்டார். சில மாதங்கள் கழித்துத் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பழகுகிற ஒருவர் உரிமத்தோடு வந்து வாங்கினார். வணிகர் முதலில் சொன்னதைவிடக் குறைந்த விலை. விவரத்தால் குறைந்ததா, விரிசலால் குறைந்ததா என்று நான் கேட்கவில்லை.

மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைச் சரிசெய்தால் சுடும் என்று சொல்லிவிட்டார்கள். அதை விற்க வேண்டாம் என்றார் அம்மா. காவல் நிலையத்தில் ஒப்படைக்க அவரே வந்தார். எழுத்தர் கேட்டபோது தன் பெயரைத் தானே சொன்னார். ஒப்படைத்ததற்கான ரசீது அம்மா பெயரில் இருக்கிறது. எங்கள் வீட்டில் துப்பாக்கி சம்பந்தமாக ஒரு பெண்ணின் பெயரில் எழுதப்பட்ட முதல் தாள் அது. பீரோவில், அப்பாயியின் பெயரில் இருந்த அந்த நிலத்தின் பத்திர நகலுக்கு மேலே வைத்திருக்கிறார்.