பின்வளவில் ஒரு பலகை மேடை

வீட்டின் முகப்பை அழகுசெய்வதில் நம்மவர் காட்டும் அக்கறையைப் பின்வளவில் காட்டுவதில்லை. வருவோர் போவோர் காண்பது முகப்பு. வீட்டார் வாழ்வதோ பின்புறம். கிணற்றடியும் மாமர நிழலும் மாலைநேரப் பேச்சும் அங்கேதான். 84 வயது நிறைந்த எமது அன்னையாருக்கு அம்மாமரத்தடியே உலகம். ஆயின், மாரி பிறந்தால் அங்கே சேறு; சேற்றில் அவரது ஊன்றுகோல் வழுக்கும். ஆகவே, சமையலறை வாயிலோடு சேர்த்து, நிலத்தினின்று ஒன்றரை அடி உயர்ந்த மேடையொன்று அமைக்கத் தீர்மானித்தோம். எதனால் அமைப்பது என்பதே கேள்வி.

“சீமெந்தே சிக்கனம்” என்றார் மேசனார். உண்மைதான். ஆனால், சித்திரை வெயிலில் வெறுங்காலுடன் நடப்பவருக்கு அது சுடுகல்லன்றோ? அதன்மேல் மினுங்கும் ஓடு பதித்தாலோ, மழையில் வழுக்கும். மற்றொன்றையும் எண்ணினோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையினூடே ஊறி இறங்கினாற்றான் கிணற்றில் நன்னீர் நிற்கும். வளவெங்கும் சீமெந்து பரப்பினால் அந்நீர் ஒழுங்கைக்கு ஓடிவிடும். இடைவெளிவிட்டு அறைந்த பலகை மேடையோ மழைக்கு வழிவிடும். மரத்தின் வேருக்கும் ஈரம் சேரும்.

ரொறன்ரோவில் வாழும் தம்பி, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வார்த்த பலகைகளை வாங்குமாறும், பணம் தாம் அனுப்புவதாகவும் சொன்னார். அவை எளிதில் உக்குவதில்லை. எண்ணெய் பூசும் வேலையுமில்லை. எனினும் நேர்வெயிலில் மிகச் சூடேறும், சூட்டில் நீளும். மருந்தூட்டிய மென்மரத்தைப் பற்றியும் பேசினோம். முன்னர் அம்மருந்தில் ஆர்செனிக் நஞ்சு கலந்திருந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பாவனைக்கான மரங்களுக்கு அதனை ஊட்டுவது 2003ஆம் ஆண்டின் முடிவோடு கைவிடப்பட்டது.

மரக்காலைக்குச் சென்று தேக்கும் முதிரையும் விலை கேட்டுப் பெருமூச்சுடன் திரும்பினோம். தண்டவாளத்தின் கீழ்க் கட்டைகளாகக் கிடந்து பாரம் சுமந்த பாலைமரம் கால்களுக்கும் தீராந்திகளுக்கும் ஏற்றதென முடிவாயிற்று. மேற்பலகைக்கு வழி தோன்றவில்லை. பனையை நினைத்தோம். ஆனால், வைரம் பாய்ந்த பனை ஓரிரு ஆண்டில் வளர்வதன்று. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கென வீழ்ந்த பனைகள் எத்தனையோ! நிற்கும் மரத்தைத் தறிக்க மனம் வரவில்லை.

அப்பொழுதுதான் அன்னையார் கேட்டார்: “கொட்டிலுக்கை கிடக்கிற சிலாகையளை என்ன செய்யப் போறியள், தம்பி?”

அவை 1938ஆம் ஆண்டில் பாட்டனார் கட்டிய வீட்டின் பனஞ்சிலாகைகள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அவ்வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். மறுவருடம் திரும்பியபோது கூரை தரையில் கிடந்தது. தந்தையாரும் அன்னையாரும் உடைந்த ஓடுகளின் கீழிருந்து சிலாகைகளை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தனர். மீண்டும் அதே ஒழுங்கில் கூரை ஏற்றலாமென்று தந்தையார் ஒவ்வொன்றிலும் வெள்ளை மையால் இலக்கமிட்டார். அக்கூரை ஏறவில்லை. அவரும் போய்விட்டார். விறகுக்கு விலை பேச வந்தவர்களை அன்னையார் படலையோடு திருப்பியனுப்பினார்.

நிழலில் இருந்த மரத்தை மழையில் கிடத்துவதா என எமக்குத் தயக்கம் உண்டாயிற்று. “கொட்டிலுக்கை கிடந்து கறையான் தின்னுறதிலும் ஆக்கள் இருக்கிறது நல்லது” என்றார் அவர்.

ஓடாவியார் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். கூராணியாற் குத்திப் பார்த்தார். 60 சிலாகைகளில் 35 மட்டுமே தேறின. 16 அடிக்கு 12 அடியென நாம் போட்டிருந்த திட்டம் பத்துக்குப் பத்தாகச் சுருங்கிற்று. மூன்றரை அங்குல அகலமுள்ள சிலாகைகள் 32, காலங்குல இடைவெளியுடன் மேடையை நிரப்பின. மிகுதி மூன்றும் படியாயின. வைரம் பாய்ந்த பனையில் ஆணி வளையும் என்பதால் முன்னரே துளையிட்டு, உப்புக்காற்றில் துருவேறாத எவர்சில்வர் திருகாணிகளை முறுக்கினோம். கால்களை மண்ணிற் புதையாமல் கொங்கிறீற்றுக் கட்டைகளின்மேல் நிறுத்தினோம்; கறையான் ஏறினால் அதன் புற்று கண்ணிற் படும். கழிவு இயந்திர எண்ணெய் பூசும் வழக்கத்தை ஓடாவியார் நினைவூட்டினார். கிணறு அருகிலிருந்தது, சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே சிந்துவது விரைவில் கீழே சேரும். ஆதலின் வேப்பெண்ணெயே பூசினோம்; ஆண்டுதோறும் பூசவேண்டும்.

பலகை அறையும் நாளில் அன்னையார் ஒன்றே ஒன்று சொன்னார்: “நம்பர் கீழ்ப்பக்கமாக் கிடக்கட்டும். அதிலை மிதிக்கக் கூடாது.” தந்தையாரின் எழுத்து இப்பொழுது மண்ணை நோக்கியிருக்கிறது. தொலைபேசியில் இதைக் கேட்ட தம்பி நெடுநேரம் பேசவில்லை. பின்னர், தாம் அனுப்பவிருந்த பணத்தில் பிடித்தேற ஒரு கைப்பிடி அமைக்கும்படி சொன்னார். அதுவும் அமைந்தது.

சென்ற மாரி முழுவதும் மேடை நனைந்தது, நீர் தங்கவில்லை. அன்பர்களே, மரக்காலைக்குப் புறப்படுமுன் உங்கள் கொட்டிலையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.