வயலைக் காக்கும் பலகாரம்

கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி போகும் சாலையில் இருக்கிறது கோவிலடி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. இங்கே பள்ளிகொண்டிருக்கும் பெருமாளுக்கு அப்பக்குடத்தான் என்று பெயர். வலது கை ஓர் அப்பக் குடத்தின் மேல் இருக்கிறது. தினமும் இரவு அப்பம் சுட்டுப் படைக்கும் திவ்ய தேசம் இது ஒன்றுதான் என்பார்கள். சாபம் தீர ஊருக்கெல்லாம் அன்னதானம் செய்த உபமன்யு ராஜாவிடம் ஒரு கிழவர் வந்து, இருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் பசிக்கிறது, ஒரு குடம் அப்பம் கொடு" என்று கேட்டதாகத் தலபுராணம் சொல்கிறது.

அப்பத்தைச் 'சுட்டு' என்று எழுதினால் வெளியூர்க்காரர்கள் அடுப்புக்குள் வைத்து எடுப்பதாக நினைக்கலாம். காவிரிக் கரையில் எண்ணெய்ச் சட்டியில் போட்டு எடுத்தாலும் அது சுடுவதுதான். அதிரசம் சுடுவார்கள், முறுக்கு சுடுவார்கள், பணியாரம் சுடுவார்கள். பலகாரம் என்றாலே சுடுவதுதான்.

இந்தப் பாசுரத் தலத்தை ஆழ்வார்கள் பலர் பாடியிருக்கிறார்கள், நம்மாழ்வார் உட்பட. இன்னொரு நம்மாழ்வாரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். 1938இல் இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார். அந்த ஊரும் இதே திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில்தான் இருக்கிறது. அவர் கதைக்குக் கொஞ்சம் பிறகு வரலாம்.

கோவிலடியிலிருந்து கும்பகோணம் வரை ஆற்றோரமாகவே வருகிறவர்களுக்கு, வழியெல்லாம் பலகாரத்தின் சாமான்கள் விளைந்து கிடப்பது தெரியும். திருவையாற்றில் அசோகா அல்வா. அதற்குப் பாசிப்பருப்பு வேண்டும். அந்தப் பயறு டெல்டாவில் தனியாக உழுது விதைக்கிற பயிர் அல்ல. சம்பா, தாளடி அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நெல் நின்றுகொண்டிருக்கும்போதே ஈர வயலில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பிறகு, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலுமே அது வளர்ந்துவிடும். வேரில் தழைச்சத்தையும் சேர்த்து வைத்துவிட்டுப் போகும். வயல் நெல்லைக் கொடுத்து இளைத்தால், உளுந்து அதைத் தேற்றிவிடும். ஆக, அரிசியும் உளுந்தும் சேர்ந்த ஒரு முறுக்கில் ஒரே வயலின் இரண்டு விளைச்சல் இருக்கிறது.

அய்யம்பேட்டைப் பக்கம் வந்தால் அச்சு வெல்லம். பொங்கல் நெருங்கும்போது கரும்புப் பால் கொதிக்கும் வாசனை ரோடு வரை வரும். அடுத்து சுவாமிமலை. இங்கே ஐம்பொன் சிலை வார்ப்பவர்கள் மெழுகு உருவத்தின் மேல் பூசுவது காவிரி வண்டல் மண்ணைத்தான். வேறு மண் அந்த அளவுக்கு நுணுக்கமாகப் பதியாது என்பது அவர்கள் கணக்கு. ஸ்தபதிக்கும் வேண்டியிருக்கிறது, சம்சாரிக்கும் வேண்டியிருக்கிறது அந்த வண்டல்.

பிறகு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு என்று இரண்டு ஆறுகளுக்கு நடுவே கும்பகோணம். ஊருக்குப் பெயர் தந்ததும் ஒரு குடம்தான், அமுதக் குடம். டிகிரி காபி, கடப்பா, 2025இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை என்று ஊரின் புகழுக்குக் குறைவில்லை. கடைத்தெருவில் பலகாரக் கடைகளுக்கும் குறைவில்லை. தலைதீபாவளி என்றாலும் கல்யாணச் சீர் என்றாலும் அதிரசமும் முறுக்கும் தட்டில் இருந்தாக வேண்டும். ஆனால், "இது எந்த அரிசி?" என்று கேட்டால் பல கடைகளில் "பச்சரிசி" என்பதோடு பதில் முடிந்துவிடும். ஒரு காலத்தில் இதற்கு இது என்று அரிசிக்குப் பெயர் இருந்த ஊர் இது.

அந்தப் பெயர்கள் மறைந்ததற்கு யாரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆடுதுறையில் 1922இல் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1960களில் அங்கிருந்து வந்த ஆடுதுறை 27, சுமார் 105 நாளில் விளைந்தது. அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. குட்டை நெல்லும் யூரியாவும் வயிற்றை நிரப்பின. ஆனால் அதே வேகத்தில் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் பத்தாயத்தை விட்டுப் போயின. பத்தாயமே போய்விட்டது.

பழைய நெல் உயரமானது. காட்டுயானம் யானை நுழைந்தாலும் தெரியாத அளவுக்கு வளரும் என்பார்கள். உயரமான நெல்லில் மாட்டுக்கு நிறைய வைக்கோல் கிடைக்கும், வயலுக்கு எரு கிடைக்கும். யூரியாவைக் கொட்டினால் சாய்ந்துவிடும் என்பதால் கொட்டவும் முடியாது. உவர் நிலத்துக்குக் களர்பாலை, வேதாரண்யம் கடலோரத்துக்குக் குடவாழை, தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்குச் சம்பா மோசனம் என்று மண்ணைப் பார்த்து நெல் வைத்திருந்தார்கள். குறையும் உண்டு. மகசூல் குறைவு. ஐந்து, ஆறு மாதம் வயலில் நிற்க வேண்டும். சாய்ந்துவிட்டால் மெஷின் வைத்து அறுப்பது பெரும்பாடு.

2000களின் தொடக்கத்தில் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்தார். உடன் நடந்தவர்களில் திருத்துறைப்பூண்டிக்கு அருகே கட்டிமேட்டைச் சேர்ந்த ஜெயராமனும் ஒருவர். வழியில் விவசாயிகள் கொடுத்த சில பழைய நெல் விதைகளில்தான் அவர் வேலை ஆரம்பித்தது. 2006 முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடந்தது. வருகிறவர்களுக்கு 2 கிலோ விதை இலவசம். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இப்படி 174 ரகங்களை மீட்டார். ஊர் அவரை 'நெல்' ஜெயராமன் என்றே அழைத்தது. 2018 டிசம்பரில் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 50. இன்று தமிழக அரசின் பாரம்பரிய நெல் பாதுகாப்புத் திட்டத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

விதை திரும்பி வந்துவிட்டது. விளைந்ததை யார் சாப்பிடுவது? அங்கேதான் சிக்கல். அரசுக் கொள்முதல் நிலையத்தில் சன்னம், பொது என்று இரண்டே வகை. கருப்புக் கவுனி என்பதற்காகத் தனி விலை கிடையாது. வீட்டில் வெள்ளைச் சோற்றுக்குப் பழகிய பிள்ளைகள் சிவப்புச் சோற்றைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். மூன்று வேளைச் சோற்றையும் ஒரேயடியாக மாற்றச் சொல்வது நடக்கிற காரியமில்லை. ஆனால் அதே பிள்ளை சிவப்பு அதிரசத்தைத் தள்ளுவதில்லை. கவுனியில் செய்த இனிப்புப் புட்டை இன்னும் கொஞ்சம் கேட்கும். பழைய நெல்லுக்கு வீட்டுக்குள் நுழைய எளிதான வழி பலகாரம்தான்.

டெல்டாவில் நெல் திருவிழாக்களில் விதை வரிசைக்குப் பக்கத்தில் பலகாரக் கடைகளும் இருப்பது இதனால்தான். பூங்கார் கொழுக்கட்டை, மாப்பிள்ளைச் சம்பா முறுக்கு, சிவப்பு அவல் என்று கிடைக்கும். நெல்லாக விற்றால் வியாபாரி சொன்னது விலை. அவலாகவும் மாவாகவும் முறுக்காகவும் விற்றால், விலையைக் கொஞ்சமாவது விளைவித்தவரே சொல்லலாம். செய்வதுதான் கைப்பழக்கம். மாப்பிள்ளைச் சம்பாவில் அதிரசம் என்றால் புழுங்கல் உதவாது, பச்சரிசியாகக் குத்தியது வேண்டும். தவிடு ஒட்டிய அரிசி என்பதால் கூடுதல் நேரம் ஊற வேண்டும். நிழலில் உலர்த்தி, ஈரம் முழுவதும் போகும் முன்பே இடிக்க வேண்டும். தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதத்தில் வெல்லப் பாகு. கலந்த மாவை ஒரு நாளாவது மூடி வைக்க வேண்டும். பாகு முற்றினால் கல், இளகினால் எண்ணெயில் பிரிந்துபோகும். இதில் அவசரப்பட்டவர்கள் கடைசியில் கரண்டியால் வழித்துத்தான் சாப்பிட வேண்டும்.

அமெரிக்காவின் தென் கரோலினாவிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. அங்கே கொடிகட்டிப் பறந்த 'கரோலினா கோல்டு' என்ற அரிசி கிட்டத்தட்ட அழிந்துபோயிருந்தது. 1980களில் ஒரு கண் மருத்துவர், தன் நிலத்துக்கு வாத்துகள் வரட்டும் என்று அரசின் விதை சேமிப்பிலிருந்து வாங்கிப் பயிரிட்டார். ஆனாலும் சமையல்காரர்கள் கேட்டு வாங்க ஆரம்பித்த பிறகுதான் அது மீண்டும் நிலைத்தது.

கும்பகோணத்தில் இது வெறும் ருசி விஷயமில்லை. டெல்டாவில் மீத்தேன் எடுக்க 2011இல் ஒப்பந்தமானபோது ஊர் ஊராகப் போய் எதிர்த்தவர் நம்மாழ்வார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் அவர் உயிர் பிரிந்ததும் அந்தப் பிரசாரப் பயணத்தில்தான். 2020 பிப்ரவரியில் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்தது. புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டக் கூடாது, உருக்காலை கூடாது, தோல் பதனிடும் ஆலை கூடாது என்று அதில் பட்டியல் இருக்கிறது. வீட்டு மனை அந்தப் பட்டியலில் இல்லை. ஊரைத் தாண்டி எந்தச் சாலையில் போனாலும், வயலுக்கு நடுவே கல் நட்டுக் கலர் கொடி கட்டியிருக்கிறார்கள். கட்டுப்படியாகாத வயலை விற்கக் கூடாது என்று ஒருவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வராது. கட்டுப்படியாகிற வயலை அவராகவே விற்க மாட்டார்.

மார்கழிக் கடைசியில் இந்தப் பக்கம் வந்தால், இடுப்புயரச் சம்பாவுக்கு நடுவே ஆளுயரத்துக்கு நிற்கும் துண்டு வயல்களை அங்கங்கே பார்க்கலாம். அதுதான் பழைய நெல். கோவிலடியையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் பகலில் கும்பகோணத்தை முடித்துக்கொண்டு மாலையில் அங்கே போவது நல்லது. அப்பம் இரவுப் பூஜைக்குத்தான்.