மலைப்பாம்பு வீட்டுப் பிராணியா?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. அந்தப் பாம்பையே கண்ணாடித் தொட்டிக்குள் வைத்துச் செல்லமாக வளர்க்கிறார்கள் என்றால் நம்புவீர்களா நண்பர்களே? நம் பொத்தேரியிலேயே ஒன்றைப் பார்க்கும்வரை நானும் நம்பவில்லை. நாய், கிளி, பூனையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஒரு மாறுதலுக்கு மலைப்பாம்பைப் பற்றிப் படியுங்களேன்!

ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கி இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் ஒருவர், "எலக்ட்ரிகல் டிப்ளமோதானே படிக்கிற? ஒரு தெர்மோஸ்டாட் வேலை செய்யல, வந்து பாரு தம்பி" என்று கூப்பிட்டார். ஃபிரிட்ஜாக இருக்கும் என்று டெஸ்டரை எடுத்துக்கொண்டு போனேன். போனால், மூன்றடித் தொட்டிக்குள் பந்து மாதிரிச் சுருண்டு கிடந்தார் நம்ம கதாநாயகர்!

பெயர் 'பால் பைத்தான்'. குடிக்கும் பால் அல்ல, விளையாடும் பந்து! மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தச் சின்ன மலைப்பாம்பு, பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். மூன்று முதல் ஐந்தடி வரை வளரும். விஷம் கிடையாது. இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று முழுசாக விழுங்கும். இறுக்கும்போது இரை மூச்சு முட்டிச் சாகிறது என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அமெரிக்காவில் போவா பாம்பை வைத்துச் செய்து 2015-ல் வெளியான ஆராய்ச்சியில், மூச்சுக்கு முன்னால் இரத்த ஓட்டமே நின்றுவிடுகிறது என்று தெரிந்தது.

ரிப்பேர் விஷயத்துக்கு வருகிறேன். ரிலே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் பேட் அணையாமலே ஓடிக்கொண்டிருந்தது. பாம்புக்கு நம்மைப் போலச் சொந்த உடம்புச் சூடு கிடையாது, வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். அதனால் தொட்டியின் ஒரு ஓரம் 32 டிகிரி, மறு ஓரம் 26 டிகிரி இருக்க வேண்டும். தின்றது செரிக்கச் சூடான பக்கம், சூடு போதுமென்றால் குளிர்ந்த பக்கம் என்று அதுவே இடம் மாறிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு பெட்டி வேண்டும். பேட் அளவுக்கு மேல் சூடானால், அதன் மேலேயே படுத்திருந்து வயிறு வெந்துபோகும் பாம்புகள் உண்டு. ரிலேயை மாற்றிக் கொடுத்தேன். 'குளோஸ்டு லூப் கண்ட்ரோல்' என்று நோட்டில் கட்டம் கட்டமாகப் படம் போட்டு மார்க் வாங்குகிறோமே, அந்தப் படத்தை நம்பி ஒரு உயிர் படுத்திருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

அதன்பின் அடிக்கடி போக ஆரம்பித்தேன். வாரம் பத்து நாளைக்கு ஒரு எலிதான் சாப்பாடு. பாம்பின் உடம்பில் பருத்த இடம் எவ்வளவோ, எலியும் அவ்வளவுதான் இருக்கலாம். உயிருள்ள எலியைப் போட்டால் அது பாம்பைக் கடித்துக் குதறிவிடும் என்பதால், ஐஸில் வைத்த எலியை வெந்நீரில் இளக வைத்துக் கொடுக்க வேண்டும். தின்றபின் இரண்டு நாள் தொடக்கூடாது. தோலுரிக்கும் முன் கண் நீலம் பாய்ந்து மங்கும். அப்போது தொட்டியில் ஈரப்பதம் குறைந்தால் தோல் துண்டு துண்டாகப் பிய்ந்து ஒட்டிக்கொள்ளும். சில சமயம் வாரக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும், வளர்ப்பவருக்குத்தான் சோறு இறங்காது!

ஃபைனல் இயர் முடிந்து அண்ணனுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. "தம்பி, உனக்குத்தான் பயமே இல்லையே, நீ வச்சுக்கிறியா? தொட்டியோட சும்மாவே தர்றேன்" என்றார். உண்மையைச் சொன்னால் ஆசையாகத்தான் இருந்தது. ராத்திரி ஒரு பேப்பரில் கணக்குப் போட்டேன்.

முதலாவது, எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அண்ணன் ரூமில் ஏசி போட்டுக் குளிர வைத்து, பாம்புக்கு ஹீட்டர் போட்டுச் சூடாக்கினார்கள். எங்கள் வீட்டிலோ அக்னி நட்சத்திரத்தில் மனுஷனுக்கே உள்ளே படுக்க முடியாது. சூடாக்க ஒரு பேட் போதும், குளிர வைக்க நான் எங்கே போவேன்?

இரண்டாவது, இந்தப் பாம்பு 30 வருஷம் வரை இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் 60 வயது தாண்டிய ஒரு பால் பைத்தான் 2020-ல் முட்டையே இட்டது! எனக்கு இப்போது 18. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிப்பவன் நான். வேலை எந்த ஊரில் கிடைக்குமோ, பாம்போடு போனால் எந்த ஹவுஸ் ஓனர் வீடு தருவார்?

மூன்றாவது, சட்டம். நம் நாட்டு மலைப்பாம்பு 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வளர்த்தால் 3 முதல் 7 வருஷம் வரை ஜெயில். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டுப் பாம்பு என்றால், 2024-ல் வந்த விதிகளின்படி அரசாங்கத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். அண்ணன் பதிவு செய்திருந்தார். எல்லோரும் அப்படியா? 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரே பயணியின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புகள் இருந்தன.

நான்காவது, அம்மா. "எலிக்குத் தீனி போட்டு, எலியைப் பாம்புக்குப் போட்டு, பாம்பை நீ வளர்க்கிற சரி, உன்னை யாருடா வளர்க்கிறது?" கணக்கு முடிந்தது! முடியாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

அப்போது அவர் ரூம்மேட் விளையாட்டாகச் சொன்னார்: "பேசாம பொத்தேரி ஏரியில விட்டுடுடா, பொழச்சுக்கும்." எனக்குப் பகீரென்றது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்தது அதுதான். குட்டியாக வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் பெரிதானதும் சிலர் கொண்டுபோய் விட்டார்கள், சில தப்பியும் போயின. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அவை பெருகிவிட்டன. பாம்புகள் நெடுநாளாக இருந்த தென்பகுதியில் ரக்கூன் என்ற பிராணி 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012-ல் ஓர் ஆய்வு சொன்னது.

அதைப் பிடிக்க 2017-ல் யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும்! கையில் ஒரு கம்பி, கண்ணில் தடம் பார்க்கும் கூர்மை, அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான நாளில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள், அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பள்ளிக்கூடம் போகாத அனுபவ அறிவுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் அழைப்பு அனுப்பியது. வீட்டில் முதல் ஆளாகப் படிக்கிற எனக்கு, படிக்காத என் அப்பாவின் கை வேலையைப் புது மரியாதையோடு பார்க்கத் தோன்றியது.

இதைச் சொன்னதும் ரூம்மேட் வாயடைத்துப் போனார். அண்ணன் இரண்டு மாதம் கூடுதல் வாடகை கொடுத்து ரூமை வைத்திருந்து, கடைசியில் முறைப்படித் தெரிவித்துவிட்டு, சொந்த ஊரில் தன் தம்பியிடம் பாம்பை ஒப்படைத்தார். அதுதான் பொறுப்பு.

நண்பர்களே, பாம்பு பார்க்கும் ஆசை இருந்தால் கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போங்கள். அந்தப் பண்ணை 1969-ல் நம் தாம்பரத்துச் சேலையூரில் தொடங்கி 1972-ல் கிண்டிக்குப் போனது. நமக்குப் பக்கத்திலேயே வண்டலூரும் இருக்கிறது. எந்த உயிரையும் வாங்கும் முன் அதன் விலையைக் கேட்காதீர்கள், அதன் ஆயுளைக் கேளுங்கள். அத்தனை வருஷம் கூடவே இருப்பேன் என்று சொல்ல முடிந்தவர் மட்டும் கையை நீட்டுங்கள்!