தாலியா, தொண்ணூறு நாளா?

சென்னை ஜெமினி பாலத்தடியிலேயே அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறது. ஆனால், நண்பனுக்கு நேர்காணல் மும்பையில்! துணைக்கு நான்.

2011 வரை வாங்கானேர் மகாராஜாவின் பழைய அரண்மனையில் இருந்த ஆபீஸ், இப்போது பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள். வாசலில் ஃபைலும் கையுமாக மாப்பிள்ளைகள். செல்போனுக்கு உள்ளே அனுமதியில்லை. அவன் போனைக் காவல் காத்தபடி பிளாட்பாரத்தில் நின்றேன்.

நியூஜெர்சிப் பெண்ணுக்கு அமெரிக்கக் குடியுரிமை உண்டு. அதனால் வழி இரண்டு. கே-1 என்றால் கல்யாணம் ஆகாமல் போகணும். இறங்கி 90 நாளுக்குள் தாலி கட்டணும். தவறினால் மூட்டை கட்டணும்! கட்டிய பிறகும் கிரீன் கார்டுக்குத் தனி மனு, தனி ஃபீஸ். சி.ஆர்-1 என்றால் இங்கேயே கல்யாணம். மனு போட்டுக் காத்திருக்கணும். ஆனால், போய் இறங்கியதுமே வேலை பார்க்கலாம். முதல் கிரீன் கார்டுக்கு ஆயுள் 2 வருஷம்தான். 'நிஜத் தம்பதிதான்' என்று நிரூபித்தால் நீட்டிப்பு.

பி.காம். மூளை சி.ஆர்-1தான் லாபம் என்றது. அவன் கணக்கே வேறு. "அம்மாவுக்கு முட்டிவலிடா. அவ்வளவு தூரம் வர முடியாது. நான் தாலி கட்டறதை அவங்க பார்க்கணும்."

கும்பகோணத்தில் கட்டினான். அப்புறம் மனைவி அங்கே, இவன் இங்கே. வருஷக்கணக்கில் போனிலேயே குடித்தனம்.

ஒருவழியாக வெளியே வந்தான். "பாஸ்போர்ட்டை வாங்கிக்கிட்டாங்கடா!" முகமெல்லாம் பல். முதல் போன் மனைவிக்கில்லை, அம்மாவுக்கு.

"ரொம்ப சந்தோஷம்ப்பா. எப்போ கிளம்பறே?"

பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. நேர்காணலில் எல்லாக் கேள்விக்கும் டாண் டாணென்று பதில் சொன்னவன், இதற்கு மட்டும் முழித்தான்.