பனி விடுமுறையும் மழை விடுமுறையும்

திருவண்ணாமலை என்றதும் நண்பர்கள் கார்த்திகை தீபத்தையே நினைத்துக்கொள்வார்கள். நாம் சொல்லப்போவது அவ்வூரைப் பற்றியன்று. திருவில்லிபுத்தூருக்கு அருகே, ஒரு சிறு குன்றும் அதன்மேல் சீனிவாசப் பெருமாள் கோயிலுமாக அதே பெயரில் ஓர் ஊர் உண்டு. தென்திருப்பதி என்றும் சொல்வார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் நெரியும். மற்ற நாள்களில் அமைதியான ஊர். இங்கிருந்துதான் நாள்தோறும் பேருந்தேறி, இராசபாளையம் கடந்து, தென்காசி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்துத் திரும்புகிறோம்.

2023 டிசம்பர் 18, திங்கட்கிழமை. மார்கழி இரண்டாம் நாள். முந்தைய நாள் பிடித்த மழை விட்டபாடில்லை. நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி மாவட்டங்களின் கல்வி நிலையங்களுக்கு விடுமுறை அறிவித்திருந்தார்கள். நமக்குக் கல்லூரி இல்லை. மழையைச் சாக்காகக் கொண்டு பிள்ளைகளையும் நாமே வீட்டில் நிறுத்திக்கொண்டோம். திங்கட்கிழமைக் காலையில் குடும்பம் முழுவதும் ஒரே கூரையின்கீழ் இருப்பது நம் வீட்டில் அரிதினும் அரிது.

கனடாவில் இருக்கும் மைத்துனர், சென்ற குளிர்காலத்தில் அவர் பிள்ளைகள் பனியில் புரண்டு விளையாடும் காட்சியை அனுப்பியிருந்தார். பனி மிகுதியாகப் பொழிந்தால் அங்கே பள்ளி விடுமுறை. அதைப் பார்த்த நாள் முதல் நம் மகனுக்கு ஒரே ஏக்கம். அன்று திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்தவன் கேட்டான்: "மாமா ஊர்ல பனி பெஞ்சா லீவு. நமக்கு மழை பெஞ்சா லீவு. ரெண்டும் ஒண்ணுதானப்பா?"

தமிழாசிரியனிடம் கேட்கக்கூடாத கேள்வி. உடனே பாடம் தொடங்கிவிட்டது. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டுக்குப் பனியின் பெயரையே வைத்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, விடியலில் குன்றை மறைக்கும் மூட்டமும் பனி, இமயத்தில் குவிந்து கிடப்பதும் பனி. உதகைப் புல்வெளியில் வெள்ளையாகப் பூத்துக் கிடப்பது உறைபனி. அது வானிலிருந்து விழுவதன்று, காற்றின் ஈரம் புல்லின்மேலேயே உறைவது. பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள். கண்ணில் நீர் துளிர்த்தாலும் கண் பனித்தது என்கிறோம். இவ்வளவையும் சொல்லி முடித்தபோது திண்ணையில் நாம் மட்டுமே இருந்தோம். அவன் காகிதக் கப்பலோடு வாசலில் நின்றான்.

மின்சாரம் போயிற்று, அதுவும் நன்மைக்கே என்று தோன்றியது. துணைவியார் நிலக்கடலை வறுத்தார். சுக்குமல்லிக் காப்பி வந்தது. கூடத்தில் சாக்கட்டியால் கட்டம் வரைந்து, புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் தேய்த்துத் தாயம் ஆடினோம். மகள் மூன்றுமுறை நம் காயை வெட்டினாள். கதவுக்கு வெளியே குன்றும் கோயிலும் மழைத்திரையில் மறைந்து போயிருந்தன.

ஆட்டத்தின் நடுவே அம்மா கேட்டார்: "ஏய்யா, பெரியவளுக்கு ஒரு போன் போட்டியா?" அக்காவை ஏரல் பக்கம், தாமிரபரணிக் கரையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. "சாயங்காலம் பேசலாம்மா" என்று சொல்லிக் கொட்டைகளை உருட்டினோம். மதியமும் கேட்டார். மதியமும் அதே பதில்.

மாலையில் மின்சாரம் வந்து தொலைக்காட்சியைப் போட்ட பிறகுதான் தெரிந்தது. குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட வளிமண்டலச் சுழற்சியால் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஓர் ஆண்டு முழுவதும் அங்கே பெய்வதைவிட அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் முந்தைய இரவு முதலே திருவைகுண்டம் நிலையத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள் அதில் இருந்தார்கள். தாமிரபரணி கரைகளைக் கடந்திருந்தது. திரையில் ஏரல் என்ற பெயர் வந்தது. அக்காவின் எண்ணை அழைத்தோம். மணி அடிக்கவில்லை. அத்தானின் எண்ணும் அடிக்கவில்லை. அம்மா ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கட்டம் கூடத்தில் அப்படியே கிடந்தது. யாரும் அழிக்கவும் இல்லை, ஆடவும் இல்லை.

மறுநாள் விடியலில் குன்றின்மேலிருந்து ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டது. மார்கழி மூன்று, ஆகவே மூன்றாம் பாசுரம். நாடெங்கும் மாதம் மும்முறை மழை பெய்ய வேண்டும் என்று கேட்கும் பாட்டு. ஆனால் மழையைக் கேட்பதற்கு முன்பே, கெடுதல் செய்யாமல் பெய்யட்டும் என்ற பொருளில் ஒரு சொல்லை வைக்கிறாள் ஆண்டாள். எத்தனையோ ஆண்டுகளாக வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தியிருக்கிறோம். எதுகைக்காக வந்து அமர்ந்த சொல் என்று அதைக் கடந்து போயிருக்கிறோம். வானம் பார்த்த இந்தப் பூமியில் பிறந்தவள், மழை எவ்வளவு வேண்டும் என்பதை அறிந்தவள். எப்படி வேண்டும் என்பதையும் அறிந்திருக்கிறாள். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அச்சொல்லின் எடை நமக்குத் தெரிந்தது. முதுகலைப் பட்டம் சொல்லித் தராததைத் தொடர்பு கிடைக்காத ஒரு கைபேசி சொல்லித் தந்தது.

புதன்கிழமை நான்காம் பாசுரம். அது முழுவதுமே மழையை அழைக்கும் பாட்டு. அம்மா காதைப் பொத்திக்கொள்ளவில்லை, கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஆறு மணிக்குப் புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். பக்கத்து வீட்டு மாடியில ரெண்டு ராத்திரி." யாரோ ஒருவருடைய கைபேசியாம், பின்னால் பலர் வரிசையில் நிற்கிறார்களாம். ஆடுகள் இரண்டும் போயின, அரிசி போயிற்று, பிள்ளைகளின் புத்தகங்கள் போயின. அரை நிமிடத்தில் வைத்துவிட்டாள். கண் பனித்தது என்று எழுதினால் மகன் சிரிப்பான். அன்று அவனுக்கும் பனித்திருந்தது.

அந்தத் திங்கட்கிழமையின் மகிழ்ச்சி பொய்யென்று சொல்ல மனம் வரவில்லை. அவ்வளவு நிறைவான நாள் நம் வீட்டில் அதற்குப் பிறகும் வாய்க்கவில்லை. ஆயினும், நம் முற்றத்தில் காகிதக் கப்பல் மிதந்த அதே மழையில்தான் அக்காவின் வீடு மூழ்கியது என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறோம்.

இப்போதும் மழைக்கு விடுமுறை விட்டால் மகன் துள்ளிக் குதிக்கத்தான் செய்கிறான். குதித்துவிட்டு, தாயக்கட்டம் வரையும் முன், கைபேசியைக் கொண்டுவந்து நம் கையில் கொடுக்கிறான். "மொதல்ல அத்தைக்குப் போடுங்கப்பா."